மீன்முள் என்று பேர் வைத்த கல்

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளா, இருபத்தாறு வயதில் ஒருத்தி "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறோம், மீதிப் பேர் ஓ.எம்.ஆரில் ஏதோ ஒரு மாடியில். அணுபுரத்தில் நாம் சைக்கிள் விட்ட தெருக்களில் இப்போது வேறு பிள்ளைகள் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஸ்கூட்டர் ஷெட்டிலிருந்து கிளம்பும் அந்தக் கீச்சல் சத்தம் உங்களுக்கு மறந்திருக்காது. "உங்கப்பா மெஷின் வெச்சுப் பல்லு வெளக்குறாரா?" என்று கேட்டவர்கள்தானே நீங்கள்!

அது கல் அறுக்கிற சத்தம். அப்பாவுக்கு வாரம் முழுக்க அணுமின் ஆலையில் வேலை. ஞாயிறு மட்டும் அவருக்கும் கல்லுக்கும். பெல்லாரிப் பக்கம் போன நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்த சிவப்புக் கற்கள், பாலாற்று மணலில் கிடைத்த கூழாங்கற்கள், எல்லாம் ஒரு பெயின்ட் டப்பாவில் ஊறிக்கொண்டிருக்கும். அறுத்து, சில்லாக்கி, சில்லைச் சூடான அரக்கால் ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, சுழலும் சக்கரத்தில் காட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாக மேல்பக்கம் குமிழ் போல் உருண்டு வரும். அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கும். இப்படிச் செதுக்கி மெருகேற்றிய கல்லுக்குக் கேபோஷான் என்று பேர். எங்கள் வீட்டில் குமிழ். சிவப்புக் கல் அறுக்கும் நாட்களில் மெஷினுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் ஆரத்தித் தண்ணீர் மாதிரியே இருக்கும். அம்மா அதை மிதிக்கக்கூடாது என்று தாண்டித் தாண்டிப் போவாள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருகிற கட்டம். பேர் வைப்பது.

அப்பாவுக்கு அதில் ஒரு சட்டம் இருந்தது. "கல்லுக்கு ரெண்டு கேள்வி, பாப்பா. 'நீ என்ன?'ன்னு கேட்டா கல்லுதான் பதில் சொல்லணும். நாம வாயைத் தொறக்கக்கூடாது. 'உன் பேர் என்ன?'ன்னு கேட்டா, அது நம்ம இஷ்டம்."

முதல் கேள்விக்காகக் கல்லின் ஓரத்தில் டார்ச் அடிப்பார். வெளிச்சம் உள்ளே கசிந்தால் அகேட். சுவரில் முட்டிய மாதிரி நின்றுவிட்டால் ஜாஸ்பர். பிறகு அம்மாவின் பழைய காய்கறிக் கத்தியால் ஓரமாக ஒரு கோடு. ஜாஸ்பர் என்றால் கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லில் சாம்பல் கோடாக ஒட்டும். விரலால் துடைத்தால் போய்விடும். அதன்பின் நாக்கு நுனியால் கல்லை ஈரமாக்குவார். உலர்ந்த கல் தூங்கும், ஈரம் பட்டால்தான் கண் விழிக்கும் என்பார். அப்புறம் என் கையில் வந்து விழும், பேருக்காக. "நண்டு நடந்த மணல்." "தீய்ஞ்ச தோசை." "கீழ்வீட்டு மாமாவோட வழுக்கை." இதெல்லாம் நான் வைத்த பேர்கள். கீழ்வீட்டு மாமாவுக்குக் கடைசிப் பேர் தெரியாது.

தெரிந்திருந்தாலும் அவர் அப்போது எங்களோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. டூர் போன இடத்தில் ஜாஸ்பர் என்று ஒரு பச்சைக் கல்லை வாங்கி மோதிரம் கட்டி, இனிப்போடு மேலே ஏறி வந்தார். அப்பா டார்ச் அடித்தார். "கண்ணாடி சார். உள்ள குமிழி தெரியுது பாருங்க" என்றார். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார் என்பதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

மாமல்லபுரத்தில் இன்னும் மோசம். கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு கடையில் வெள்ளைக்காரம்மா ஒருத்தி நீலக் குமிழ் ஒன்றை வெயிலில் தூக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் "ஓஷன் ஜாஸ்பர் மேடம், ஓஷன்!" என்று கடல் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா நேராகப் போய் அது கண்ணாடி என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். அந்தம்மா கல்லை வைத்துவிட்டு நடந்தாள்.

"இன்னா சார், நாஸ்தா துன்ற நேரத்துல வந்து யாவாரத்தக் கெடுக்கிற?" கடைக்காரர் கையைப் பிசைந்தார். "கல்லு பொய்யாவே இருக்கட்டும். அந்தம்மா சிரிச்சிகினு நின்னுச்சே, அது நெசந்தானே?"

"சிரிப்பை வித்துக்கய்யா. ஜாஸ்பர்னு சொல்லாத."

"உன்ன வூட்ல வெச்சிகினு எப்புடித்தான் குடும்பம் பண்றாங்களோ!"

"அதை என்னைக் கேளுங்க" என்றாள் அம்மா. கடைக்காரரும் அம்மாவும் அன்றைக்கு ஒரே கட்சி.

நான் சொல்ல வந்தது ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஆரம்பித்து ஆவணியில் உடைந்த ஒரு கதை. அதில் முக்கியமான ஆள் அத்தை, அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். படூரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபில் வேலை. புடவை முந்தானையில் எப்போதும் ஒரு புளித்த மருந்து வாசனை. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்ததால் வந்த வரன்கள் எல்லாம் காபி குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு ஜோசியர் பவழ மோதிரம் போடச் சொன்னார். அப்பாவுக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் பவழம் வாங்கப் போகும்போது கூடப் போனார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "பவழந்தான். செவ்வாய்க்கு இது கேக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா பவழம்" என்று சொன்னார். அத்தை அதைப் போட்டுக்கொண்டாள். ராசிக்கல் தோலில் பட வேண்டும் என்பதற்காக மோதிரத்தின் அடிப்பக்கத்தை மூடாமல் திறந்துதான் கட்டுவார்கள். கழற்றித் திருப்பினால் கல்லின் முதுகு தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையில் அப்பா ஒரு சிவப்பு ஜாஸ்பரைச் செதுக்கினார். செதுக்கிய கற்களை வைக்கும் எங்கள் தட்டிலேயே அழகான குமிழ் அது. ஒரு புள்ளி கிடையாது, ஒரு கோடு கிடையாது, மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்பு. பேர் வைக்க அதில் என்ன இருக்கிறது? நான் கடுப்பாகித் திருப்பிப் பார்த்தேன். தட்டையான அடிப்பக்கத்தில் மெல்லிய மஞ்சள் ரேகை ஒன்று நடுவில் ஓடியது. அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கிளைகள். தட்டில் சாப்பிட்டு மிச்சம் வைத்த மீன் எலும்பு அப்படியே!

"மீன்முள்!"

"முதுகுல இருக்கிறதுக்குப் பேர் வெச்சா யாரு பாப்பாங்க?" என்றார் அப்பா.

"நான் பாப்பேன்."

"அப்ப சரி. உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் இந்தப் பேர் தெரியும்."

கொஞ்ச நாளில் மீன்முள் காணாமல் போனது. நான் வீட்டைத் தலைகீழாக்கினேன். மெத்தைக்கு அடியில், அரிசி டிரம்மில், வாஷிங் மெஷினுக்குள்ளே. அப்பா, அரைத்த சேற்றோடு சாக்கடைக்குப் போயிருக்கும் என்றார். அத்தை என்னோடு மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடினாள். டார்ச் பிடித்ததே அவள்தான். அவளுடைய கையில் மோதிரம் இருந்தது. நான் பார்க்கவே இல்லை. பவழ மோதிரத்தில் யார் ஜாஸ்பரைத் தேடுவார்கள்?

ஆடி முடிவதற்குள் ஒரு வரன் வந்தது. செய்யூர்ப் பக்கம் கிராமம், வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளை ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனி. அவருக்கும் செவ்வாய். பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அத்தை மொட்டைமாடியில் போனும் காதுமாக இருந்தாள். சிரிப்புச் சத்தம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வரும். அத்தை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஆவணியில் நிச்சயம், எங்கள் வீட்டு ஹாலிலேயே. "இன்னிக்கு ஒரு நாள், கல்லு மண்ணுன்னு பேசாதீங்க" என்று அம்மா அப்பாவுக்குச் சட்டையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள். வாசலில் ஆரத்தித் தட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு மெஷின் தண்ணீர் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. தொடையில் கிள்ளு விழுந்தது. கேசரி, போண்டா, தட்டுகளில் பழம், எலுமிச்சை, புடவை. மாப்பிள்ளையின் அம்மா நடுவில் உட்கார்ந்தார். வெயிலில் வேலை பார்த்த கை, கழுத்தில் கனத்த சங்கிலி, குரல் மட்டும் வயல் வரப்பில் நிற்கிற குரல்.

தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. அந்தம்மா தட்டைத் தொடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. எம் பெரிய மருமவ போட்டுகினு வந்த பவழம் பிளாஸ்டிக்கு. கல்யாணமாகி ஆறாம் மாசம் எம் பெரிய புள்ள வண்டில வுழுந்து காலு போயிட்ச்சி. இன்னிக்கும் இஸ்துகினுதான் நடக்கிறான். அந்த பயம் எனக்குக் கீது. மோதிரம் அசலான்னு தெரிஞ்சிகினாத்தான் நான் தட்டு மாத்துவேன்."

எல்லோரும் அத்தையின் விரலைப் பார்த்தார்கள்.

"வெளியாளு யாரும் வேணாம்" என்றார் அந்தம்மா. "எம் புள்ளதான் சொன்னான், பொண்ணோட அண்ணன் கல்லு பாக்கிறவரு, கல்லு விசயத்துல பொய்யே சொல்ல மாட்டாருன்னு. இன்னா தம்பி, நீயே பாத்து சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அத்தையும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. இப்போது யோசித்தால் அதுதான் என்னைத் தூக்கிப் போடுகிறது. அவள் மோதிரத்தைக் கழற்றி, ரொம்ப நிம்மதியாக, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

நான் கேசரிக் கிண்ணத்தோடு அப்பாவின் முழங்கைக்கு அருகில் நின்றிருந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். கல்லின் மேல்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் திருப்பினார்.

மீன்முள்.

மஞ்சள் எலும்பு, சின்னச் சின்னக் கிளைகள், எல்லாம் அப்படியே. அப்பாவின் கட்டைவிரல் அதன் மேல் போய் நின்றது. என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். உலகத்தில் அந்தப் பேர் தெரிந்த இரண்டு பேரும் கையெட்டும் தூரத்தில் நின்றோம். எனக்கு இப்போது என்ன வரப்போகிறது என்பது தெரியும். கீழ்வீட்டு மாமாவுக்குச் சொன்னவர். வெள்ளைக்காரிக்குச் சொன்னவர். "ஜாஸ்பர்" என்று சொல்வார். எல்லாம் போய்விடும். அந்தச் சொல்லுக்காகக் காதை இறுக்கிக்கொண்டேன்.

"பவழம்" என்றார் அப்பா. "அசல் பவழம்."

நம் கணக்கு மிஸ் வந்து இரண்டும் இரண்டும் ஐந்து என்று போர்டில் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? எனக்கு அப்படிக்கூட இல்லை. வீட்டுத் தரை ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது.

அந்தம்மா தட்டிலிருந்து ஒரு எலுமிச்சையை எடுத்தார். "ஒரு சொட்டு வுட்டா நொரைக்கும்னு சொல்றாங்களே?"

"வேணாங்க. பவழத்துல புளிப்பு பட்டா மெருகு போயிடும்." அது உண்மைதான். பவழம் புளிப்பில் கரையும். ஒரு உண்மையை எடுத்துப் பொய்க்கு முட்டுக் கொடுத்தார்.

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அந்தம்மா "அப்ப சரி" என்று தட்டைத் தூக்கக் குனிந்தார்.

"மச்சான்."

மாப்பிள்ளை. அதுவரை அப்பாவை "சார்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவையாக முறை சொல்லி அழைத்தது அப்போதுதான்.

"மச்சான், பொய் மேல தட்டு மாத்த வேணாம். அது ஜாஸ்பர். லேப்ல ஆசிட் பட்டு பவழம் அரிச்சிப் போச்சி, உங்க தட்டுல இருந்து ஒரு கல்லு எடுத்து கட்டிகினேன்னு அவங்க எனக்கு மொதல்லயே சொல்லிட்டாங்க."

அம்மாவின் கையிலிருந்த குங்குமச் சிமிழ் கீழே விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை. அத்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் யாரோ அறைந்த முகம்.

"தெரிஞ்சிகினே என்ன இங்க இட்டாந்தியாடா?" அந்தம்மா மகனைக் கேட்டார்.

"நான் சொன்னா நீ நம்ப மாட்டம்மா. மச்சான் வாயால கேட்டா நீ ஒத்துப்பேன்னு... அவரு உண்மையத்தான் சொல்லுவாருன்னு..."

அந்தம்மா எழுந்தார். அப்பாவுக்கு நேராக வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கண்ணு தப்பா, வாயி தப்பா?"

கண் என்று சொல்லியிருக்கலாம். வெளிச்சம் சரியில்லை, கண்ணாடி போடவில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால் அதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அப்பா மோதிரத்தை அத்தையிடம் நீட்டினார்.

"வாயிங்க. கண்ணு சரியாத்தான் இருக்கு."

"பொண்ணு எம் புள்ளகிட்ட சொல்லிட்ச்சி. எம் புள்ள எங்கிட்ட சொல்லல. நீ என் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்ற. கல்லு கெடக்குது வுடு. யாரைத்தான்யா நான் நம்புறது?" எலுமிச்சையைத் தட்டிலேயே வைத்தார். "தட்டு இன்னிக்கு வேணாம்."

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு மாமா ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி மூடினார். போண்டாக்கள் பாத்திரம் நிறைய அப்படியே இருந்தன.

"நீ எப்பவும் போல இருப்பேன்னு நம்பித்தானேண்ணா கொண்டாந்து உன் கையில குடுத்தேன்" என்றாள் அத்தை. கத்தவில்லை. "ஜாஸ்பர்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க ரெண்டு பேரும் அப்பவே எல்லாத்தையும் சொல்லி அவங்க காலுல விழுந்திருப்போம். பேசி வெச்சிருந்தோம்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ நடிக்கணும். உனக்கு நடிக்க வராதுன்னு நெனச்சேன்."

"நான் உனக்காகத்தான்மா..."

"தெரியுதுண்ணா. அதான் தாங்கல."

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளா, அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருவரும் அடுத்தவரை நன்றாகத் தெரியும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். டார்ச் அடித்து, கத்தியால் கீறிப் பார்த்துத் தெரிந்துகொண்ட மாதிரி. நானும்தான். அன்றைக்குத் திறந்த வாய் எனக்கு இன்னும் சரியாக மூடவில்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மொட்டைமாடியில் சிரிப்பு இல்லை. போன் மட்டும் இருந்தது. தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அந்தம்மா ஒரு கோணிப் பை வேர்க்கடலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். உட்காராமலே ஆரம்பித்தார்.

"நானும் ரோசன பண்ணிகினேதான் இருந்தேன். பவழம் போட்டுகினு இருந்த வரைக்கும் எவனும் வரல. இந்தக் கல்லு போட்டப்பறம்தான் எம் புள்ள வந்தான். அப்ப இது இன்னா கல்லுன்னு நான் தெரிஞ்சிகினு போவணும்." அத்தையின் கையைப் பிடித்து அப்பா பக்கம் நீட்டினார். "சொல்லு தம்பி. இப்ப சொல்லு."

அப்பா அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. "பாப்பாவைக் கேளுங்க" என்றார்.

"ஜாஸ்பர்" என்றேன். "பேரு மீன்முள்." மோதிரத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன். அந்தம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மீனு முள்ளு மாட்டிகினா நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா? ஒரு உருண்ட வெறுஞ்சோத்த மெல்லாம முழுங்குவோம். உங்கப்பன் அன்னிக்கு சொன்னது இத்தினி நாளா என் தொண்டைலயே கெடந்துச்சி." அம்மா கொண்டுவந்த தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "முழுங்கிட்டேன் போ."

செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. அந்தம்மா தானே வாங்கிய பவழத்தை அத்தையின் வலது கையில் போட்டார். அசலா என்று பார்க்க யாரையும் கூப்பிடவில்லை. இடது கையில் மீன்முள் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அத்தையின் மகள் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறாள்.

அப்பா மெஷினை விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சத்தம் நின்றதில்லை, அது உங்களுக்கே தெரியும். ஆனால் செதுக்கி முடித்த கல்லைப் பார்த்து "இது என்ன?" என்று யார் கேட்டாலும், "கல்லு" என்பதோடு சரி. கீழ்வீட்டு மாமா சமாதானமாகி ஒரு புதுக் கல்லோடு மேலே வந்தபோதும் அப்படித்தான். "நல்லா இருக்கு சார்" என்றார் அப்பா. மாமா சந்தோஷமாக இறங்கிப் போனார். அது பச்சைக் கண்ணாடி. மாடிப்படியில் நின்றிருந்த எனக்கே தெரிந்தது.

நான் பிறகு நிலவியல் படித்தேன், அது வேறு கதை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நானே செதுக்கிய முதல் குமிழை அப்பாவின் முன்னால் வைத்தேன். மண் நிறம், நடுவில் கருப்பு அலை. அது என்ன என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன்.

அப்பா ஓரத்தில் வெளிச்சம் அடித்தார். வெளிச்சம் நின்றது. நாக்கு நுனியால் ஈரப்படுத்தி ஜன்னல் பக்கம் திருப்பினார். பழைய அப்பா அப்படியே வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"என்னப்பா இது? சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம், கல்லைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"யாருக்கு? கல்லு படிச்சவளுக்கா, பாப்பாவுக்கா?" என்றார்.